புதுப்பிப்பு: கறிவேப்பிலைக் கன்றும் என் நான்காம் வகுப்பும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்றைப் புழுக்கள் மொட்டையடிக்கின்றன, மருந்து அடிக்கலாமா என்று ஜனவரியில் பள்ளி திறந்த வாரம் கேட்டிருந்தேன். அடிக்கவில்லை. பறவை எச்சம் போலிருந்தவை தோலுரித்துப் பச்சையாகின. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தானே. அதனால்தான் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிட்டிருக்கிறது.

இரண்டு புழுக்களைக் கிளையோடு வகுப்புக்குக் கொண்டுபோனேன். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றம் வீசும். பெயர்கூட எனக்கு இன்னும் மனப்பாடமாகாத பிள்ளைகள், மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை!

பிப்ரவரி கடைசியில் ஒரு கூட்டிலிருந்து கறுப்பும் மஞ்சளுமாக வண்ணத்துப்பூச்சி வந்தது. மற்றதிலிருந்து, அதை உள்ளிருந்தே தின்று வளர்ந்த சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள். அன்று பாடம் நடக்கவில்லை.

ரசத்தில் போட இலையில்லை என்று அம்மாவுக்குத்தான் இன்னும் கோபம்.