டிராகுலாவை எதிர்த்து நின்றவர்கள்: உங்களுக்குப் பிடித்தவர் யார்?

வணக்கம் நண்பர்களே. பழைய ரத்தக்காட்டேரிப் படங்கள் என்று பேச்சை எடுத்தாலே எல்லோரும் நேரே கோரைப்பல்லுக்கும் கறுப்பு அங்கிக்கும் போய்விடுகிறார்கள். எனக்கும் அவை பிடிக்கும்தான். ஆனால் அந்தப் படங்களை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதற்குக் காரணம், அந்தப் பிசாசுக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஆள். என்னுடைய ஆள் பீட்டர் குஷிங். 1958இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் எடுத்த ‘டிராகுலா’வில் ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக வருகிறவர்.

கல்லூரி விடுதியில் தோழி ஒருத்தியின் லேப்டாப்பில் முதன்முதலாகப் பார்த்தேன். டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ மாடிப்படியின் உச்சியில் வந்து நிற்கும்போது அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் இறங்கி வந்து, மரியாதையாக, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற தோரணையில் நாலு வார்த்தை பேசுவார். அந்தக் கோட்டைக் காட்சிகளோடு அவருடைய வசனம் முடிந்தது. அதற்குப் பிறகு படம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது, சீறல் மட்டும்தான். பேசக்கூடிய ஒருவன் பேச்சை விட்டுவிட்டான் என்பதே அடிவயிற்றைக் கலக்கியது. ஜேம்ஸ் பெர்னார்டின் இசை வேறு ‘டிரா-கு-லா’ என்று மூன்று அடியாக விழும்.

அந்த இரவு மனதில் தங்கியது இன்னொரு காட்சி. கல்லறைத் தோட்டத்தில், செத்து ரத்தக்காட்டேரியாக எழுந்த லூசி ஒரு சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்து இருட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறாள். குஷிங் சிலுவையை நீட்டி அவளை விரட்டுகிறார். வேறு இயக்குநராக இருந்தால் கேமரா உடனே லூசியின் பின்னால் ஓடியிருக்கும். டெரன்ஸ் ஃபிஷர் ஓடவில்லை. குஷிங் அந்தக் குழந்தையின் முன் குனிந்து, தன்னுடைய கனத்த மேலங்கியைக் கழற்றிப் போர்த்திவிடுகிறார். கழுத்துப் பகுதியில் ரோமம் வைத்த அங்கி அது. இப்போது நீ கரடிப் பொம்மை மாதிரியே இருக்கிறாய் என்கிறார். கையில் ஒரு சிலுவையைக் கொடுத்து, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இரு, சூரியன் வரும் என்கிறார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கல்லறைக்குள் இறங்கி, செய்ய வேண்டியதைச் செய்யப் போகிறார். மரக்கூரும் சுத்தியலும் எடுக்கிற அதே கை, ஒரு நிமிடம் முன்னால் குழந்தைக்கு அங்கி போர்த்திய கை. ஒரு பயங்கரப் படத்தில் இவ்வளவு கனிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எதற்காகச் சண்டை போடுகிறார் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

கடைசிச் சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. திரைக்கதையில் சட்டைப்பையிலிருந்து சிலுவையை எடுப்பதாகத்தான் இருந்ததாம். குஷிங்தான் வேறு யோசனை சொன்னார். நீண்ட மேஜையின் மேல் ஓடி, பாய்ந்து, கனத்த திரைச்சீலையைப் பிய்த்து இழுக்கிறார். வெயில் சரேலென்று உள்ளே விழுகிறது. கைக்குக் கிடைத்த இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகளைக் குறுக்கே வைத்துச் சிலுவையாக்கி டிராகுலாவை வெளிச்சத்துக்குள் தள்ளுகிறார். அந்த ஓட்டமும் பாய்ச்சலும் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். டிராகுலா தன் முகத்தைத் தானே பிறாண்டிக்கொள்ளும் துண்டு தணிக்கையில் போய், பல வருடம் காணாமலே கிடந்தது. 2011இல் டோக்கியோ திரைப்படக் காப்பகத்தில் இருந்த பிரதியில் கிடைத்து, பிறகு படத்தோடு சேர்த்தார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் பதிப்பைப் பாருங்கள்.

உங்களுக்கு யார்? எழுதுங்கள்.

*

அக்கா, அந்தக் கரடிப் பொம்மைக் காட்சியை எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

என் ஆள் ஒரு பெண். டிராகுலா கதையையே அனுமதி வாங்காமல், பெயர்களை மாற்றி 1922இல் முர்னாவ் எடுத்த ‘நாஸ்ஃபெராட்டு’வின் எல்லன். நடித்தவர் கிரேட்டா ஷ்ரோடர். அதிலும் ஒரு பேராசிரியர் உண்டு. மாணவர்களுக்குப் பூச்சி தின்னும் செடியைக் காட்டிப் பாடம் நடத்துவார். ஆனால் ஊரைக் காப்பாற்ற அவரால் ஆகவில்லை. ரத்தக்காட்டேரியான பிரபு ஓர்லோக் கப்பலில் வந்து இறங்க, எலிகளும் கொள்ளைநோயும் ஊருக்குள் நுழைய, தெருவில் வரிசையாகச் சவப்பெட்டிகள் போகின்றன. எல்லன் ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிறாள். கணவன் தொடக்கூடாது என்று சொன்ன புத்தகத்தைத் திறந்து படிக்கிறாள். குற்றமற்ற பெண் ஒருத்தி தானாக முன்வந்து, சேவல் கூவும்வரை அவனைத் தன் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தால் அவன் அழிவான் என்று அதில் இருக்கிறது. அவள் ஜன்னலைத் திறக்கிறாள், பேராசிரியரைக் கூட்டிவரச் சொல்லிக் கணவனை அனுப்பிவிடுகிறாள்.

மாடிப்படியில் ஏறும் அந்த நிழலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதற்கு அடுத்தது எனக்கு அதைவிட முக்கியம். நிழல்கை அவள் வெள்ளை உடையின் மேல் ஊர்ந்து வந்து, இதயம் இருக்கும் இடத்தில் விரல்களை மூடுகிறது. அவள் உடம்பு துள்ளுகிறது. அங்கே உண்மையில் எந்தக் கையும் இல்லை, வெறும் வெளிச்சமும் மறைப்பும்தான். ஆனாலும் என் நெஞ்சுக்குள் பிடித்தது.

பிராம் ஸ்டோக்கரின் மூல நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான், தெரியும்தானே? வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழியும் என்பதே இந்தப் படத்திலிருந்து வந்ததுதான். அக்கா சொன்ன குஷிங்கின் திரைச்சீலைக்கும் வேர் எல்லனின் ஜன்னலில்தான் இருக்கிறது.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். ஒரு விடுமுறைக்கு விஸ்மார் போய்வந்தேன். ஓர்லோக் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு நுழைகிற அந்தச் செங்கல் வாசல், துறைமுகப் பக்கம் அப்படியே நிற்கிறது. படத்தின் முதல் காட்சியை எடுத்த மரியன் தேவாலயத்தில் இப்போது கோபுரம் மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் போரில் சேதமாகி, பிறகு 1960இல் இடிக்கப்பட்டுவிட்டது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், வெகுநேரம். ஓர்லோக் வாங்கிய பாழடைந்த வீடு லூபெக்கில், ட்ராவே ஆற்றங்கரையில் இருக்கும் பழைய உப்புக் கிடங்குகள். அங்கே சாயங்காலமாகப் போனால் நல்லது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இணையத்தில் கிடைக்கும் வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதி வேண்டாம். இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, பிரதியில் நீலச்சாயம் ஏற்றி இரவாக்கினார்கள். சாயம் இல்லாத பிரதியில் ஓர்லோக் பட்டப்பகலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவான், படமே கெட்டுவிடும். சாயத்தோடு மீட்டெடுத்த பதிப்பை, பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிக்க ஒரு சின்ன அரங்கில் பார்த்தேன். நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்ட படம் இது. எங்கெங்கோ தப்பிய சுருள்களால்தான் அந்த இரவு எனக்குக் கிடைத்தது.

*

இரண்டு பேரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் வயதில் மூத்தவன், அதனால் 1931க்குப் போகிறேன். டாட் பிரவுனிங் இயக்கிய ‘டிராகுலா’, டிராகுலாவாக பெலா லுகோசி. எதிரே வான் ஹெல்சிங்காக எட்வர்ட் வான் ஸ்லோன். இருவரும் நாடக மேடையில் இதே வேடங்களில் மோதிப் பழகியவர்கள். அது படத்தில் தெரியும்.

வான் ஸ்லோன் தடித்த கண்ணாடி போட்ட கிழவர். ஓடமாட்டார், பாயமாட்டார். சிகரெட் பெட்டியின் மூடியில் இருக்கும் கண்ணாடியில், பேசிக்கொண்டிருக்கிற டிராகுலாவின் உருவம் விழவில்லை என்று கவனிக்கிறார். பதறவில்லை. பெட்டியை எடுத்துப் போய் அவன் முகத்துக்கு நேரே திறந்து காட்டுகிறார். லுகோசி அதைத் தட்டி எறிகிற வேகம் இருக்கிறதே!

பிறகு இருவரும் தனியாக நிற்கும் காட்சி. இங்கே வா என்று லுகோசி கையை நீட்டுகிறார். கிழவரின் கால் தன்னை அறியாமல் முன்னே போகிறது. நிற்கிறார். முகத்தில் வலி. பின்னால் ஓர் அடி வைக்கிறார். அவ்வளவுதான் சண்டை. பின்னணி இசை ஒரு துளி இல்லை. ஒரு மனிதன் தன் மனத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதை இதைவிடத் தெளிவாகத் திரையில் நான் கண்டதில்லை. அந்த மௌனத்தைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்த ஒரு காட்சிக்காகவே நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இசை இருந்திருந்தால் யார் ஜெயிப்பார் என்று அது முன்கூட்டியே சொல்லியிருக்கும்.

மற்றபடி படத்தின் பின்பாதி நாடகம் மாதிரி தேங்குகிறது, மறுக்கவில்லை. அதே அரங்குகளில் ராத்திரி ராத்திரியாக இன்னொரு குழு ஸ்பானிய மொழியில் ஒரு டிராகுலா எடுத்தது. கேமரா நகர்வில் அது இதைவிட மேல். கோட்டைப் படிக்கட்டில் டிராகுலாவை நோக்கிக் கேமரா மிதந்து ஏறும் அழகே தனி. லுபிதா தோவார் அதில் கதாநாயகி. தம்பி, எல்லனைப் பிடித்த உனக்கு அவரையும் பிடிக்கும். ஆனால் இங்கே வா காட்சிக்கு மட்டும் நீங்கள் இருவரும் லுகோசி படத்துக்கே திரும்பி வாருங்கள். அப்போது லுகோசியைப் பார்க்காமல் கிழவரின் கால்களைப் பாருங்கள்.