சூடானதும் ஸ்பார்க் போகிறது: மாட்யூலா, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சாரா?

வண்டி 1988 ஃபோர்டு எஃப்-150, 4.9 லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர், பெட்ரோல் இன்ஜெக்ஷன். இக்னிஷன் மாட்யூல் (காயிலை இயக்கி ஸ்பார்க் வரவைக்கும் மின்னணுப் பெட்டி) டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) பக்கவாட்டில் திருகியிருக்கும் வகை.

காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிடம் ஓடியதும் சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

நின்ற நிலையில் பார்த்தவை: எரிபொருள் அழுத்தம் 55 பி.எஸ்.ஐ. ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜை உண்டாக்கும் காயிலின் பாசிட்டிவில் பேட்டரி வோல்டேஜ் வருகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது காயிலின் நெகட்டிவில் வைத்த டெஸ்ட் விளக்கு மினுக்கவில்லை. காயில் பிரைமரி 0.5 ஓம், செகண்டரி 8,500 ஓம், இரண்டும் சூட்டிலேயே அளந்தவை. ஆகவே காயிலைச் சந்தேகிக்கவில்லை.

குழப்பம் இங்கேதான். இன்ஜெக்டர் வயரில் மாட்டிய நாய்ட் விளக்கும் (இன்ஜெக்டருக்குச் சிக்னல் வருகிறதா என்று காட்டும் சிறு விளக்கு) மினுக்கவில்லை. அது மினுக்கியிருந்தால் ஹால் சென்சார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து அதன் சுழற்சியை உணரும் சென்சார்) நல்லது, மாட்யூல்தான் போச்சு என்று முடித்துவிடலாம். ஆனால் சென்சார் சிக்னல் மாட்யூல் வழியாகத்தான் இன்ஜெக்டரை இயக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கெட்ட மாட்யூலே அதை அமுக்கலாம் அல்லவா?

மாட்யூல் மாற்ற 5.5 மி.மீ. மெல்லிய சாக்கெட்டும் அடியில் பூச வெப்பம் கடத்தும் பேஸ்ட்டும் போதும். சென்சாருக்கு டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றி, கியர் பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். அதனால்தான் உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நின்றவுடன் மாட்யூலின் மேல் மட்டும் ஈரத்துணி வைத்துக் குளிரவைத்துப் பார்ப்பது நம்பகமான சோதனையா? டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றாமல் இரண்டையும் பிரித்தறிய வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.