சோலார் உலர்த்தியில் காயவைத்த பழத்தில் பூஞ்சை, அவசர உதவி தேவை

மலைக்காற்று:
வணக்கம். அம்மாவின் மகளிர் குழுவில் சோலார் உலர்த்தி வைத்து பழம் காயவைத்து விற்கிறார்கள். போன வருடம் ஒரு பிரச்சனையும் இல்லை. இந்த வருடம் பேக் செய்து ஒரு வாரத்துக்குள் பூஞ்சை பிடிக்கிறது, பாதி சரக்கு வீண். வெப்பநிலை எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது. ஆடி 18 விழாவில் கடை போடச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் சரக்கு வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நெல்லிமரம்:
தம்பி, என்ன பழம் என்றே சொல்லவில்லையே. நாவலா, நெல்லியா, பலாவா, சீத்தாவா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. எந்த ஊர், உலர்த்தி பெட்டி மாதிரியா கூடாரமா, ஒரு தடவைக்கு எத்தனை கிலோ போடுகிறீர்கள், எத்தனை நாள் காய்கிறது, எதில் பேக் செய்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள்.

உலர்கலன்:
பழத்தைக் காயவைக்கும் முன் கொதிநீரிலோ ஆவியிலோ 2, 3 நிமிடம் காட்டி எடுக்க வேண்டும், பிறகு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் (சல்ஃபைட் வகைப் பதப்பொருள்) கரைசலில் முக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம் இது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கூடாரம் போட்டு, பேக் செய்து, விற்பனைக்கும் கொண்டுபோய், அப்புறம் பூஞ்சை என்று வருகிறார்கள். எத்தனை பேருக்குத்தான் இதையே திரும்பத் திரும்ப எழுதுவது?

பலாமுள்:
ஆடிக்கு முன் என்றால் பலாவாகத்தான் இருக்கும். நான் பண்ருட்டி பக்கம். என் அனுபவத்தில் பத்தில் எட்டு தடவை தப்பு பழத்தில்தான் இருக்கும். மரத்திலேயே முழுதாகப் பழுத்து, மணம் தூக்கி, சுளை தொட்டால் அமுங்குகிற பழத்தைக் காயவைத்தால் வெளியே தோல் மாதிரி இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். பழுக்க ஆரம்பித்து, சுளை இன்னும் கெட்டியாக இருக்கும்போதே எடுங்கள்.

மலைக்காற்று:
பலாதான். கொல்லிமலை. பாலிகார்பனேட் தகடு போட்ட கூடாரம். மதியம் 55, 58 டிகிரி காட்டுகிறது. ஒரு தடவைக்கு 40 கிலோ சுளை, கொட்டை எடுத்து இரண்டாகக் கீறிப் போடுகிறோம். மூன்று நாள். மருந்து எதுவும் போடுவதில்லை, குழுவில் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். போன வருடமும் இதே முறைதான்.

உலர்கலன்:
"மருந்து" இல்லை, அனுமதிக்கப்பட்ட பதப்படுத்தும் பொருள். அளவோடு போட்டு, லேபிளில் குறிப்பிட்டால் போதும். வெறுமனே இயற்கை என்று சொல்லிக்கொண்டு பூஞ்சையை விற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நெல்லிமரம்:
உலர்கலன் சார், நிறம் மங்காமல் இருக்க அது உதவும், கிருமியையும் கொஞ்சம் தடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சல்ஃபைட் சேராத ஆஸ்துமாக்காரர்கள் உண்டு, அதனால் வேண்டாம் என்று ஒரு குழு முடிவு செய்தால் அதில் நியாயம் இருக்கிறது. போதுமான அளவு காய்ந்த பழத்தில் சல்ஃபைட் இல்லாமலே பூஞ்சை வராது. இங்கே பழம் காயவில்லை, அதுதான் விஷயம். போன வருடம் இதே முறையில் காய்ந்தது என்கிறாரே, அதைப் பாருங்கள்.

குமரிச்சக்கை:
பலாமுள் அண்ணா சொன்னது வருக்கைக்கு, அதாவது சுளை கெட்டியான பலா வகைக்குப் பொருந்தும். கொல்லிமலையில் கூழன் மரமும் நிறைய நிற்குமே. கூழன் சுளை நாராக, குழகுழவென்று இருக்கும், அதைக் கீறிக் காயவைத்தால் எந்த உலர்த்தியிலும் சரியாக வராது. இந்த முறை கூழன் கலந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

பலாமுள்:
கூழனை மலையில் மாட்டுக்குத்தான் போடுவார்கள், உலர்த்திக்கு யார் கொண்டுவருவார்கள்?

குமரிச்சக்கை:
மாட்டுக்குப் போடுவதுதான் தப்பு என்கிறேன். எங்கள் பக்கம் அதை வெல்லம் போட்டுக் கிண்டி சக்கை வரட்டி என்கிற இனிப்பு செய்வோம், ஒரு வருடம் கெடாது. இல்லாவிட்டால் அரைத்து, தட்டில் மெல்லிசாகத் தடவி, அதே கூடாரத்தில் காயவைத்துச் சுருட்டலாம். காசு கொடுத்து வாங்காத பழம், கீழே விழுந்து ஈ மொய்க்கிற பழம், அதில்தானே குழுவுக்கு முதல் லாபம்? வருக்கையை வியாபாரி எப்படியும் வாங்கிக்கொள்வான்.

பலாமுள்:
வாங்கிக்கொள்வான், என்ன விலைக்கு? பிஞ்சு விடும்போதே மரத்தோடு குத்தகை பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் பணம் தேவைப்படுகிற நேரம். பிறகு பழம் என்ன விலை போனாலும் மரத்துக்காரருக்கு ஒன்றும் இல்லை. குழு நல்ல வருக்கையைக் கையில் வைத்துக்கொண்டால்தான் பேரம் பேச முடியும். கூழனை மட்டும் வைத்துப் பிழைக்கச் சொல்வது சரியில்லை.

குமரிச்சக்கை:
மட்டும் என்று நான் சொல்லவே இல்லை அண்ணா. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், கூழனை எறியாதீர்கள் என்கிறேன். கொட்டையும் அப்படித்தான், வறுத்து மாவாக்கினால் தனிச் சரக்கு.

பன்னிரண்டு வோல்ட்:
பழ வகைச் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள், அந்தத் தம்பி அவசரத்தில் இருக்கிறார்.

ஒரு கணக்கு சொல்கிறேன். பச்சைச் சுளையில் ஏறத்தாழ 75 சதவீதம் தண்ணீர். 40 கிலோ சுளையில் 10 கிலோதான் கெட்டிப்பொருள். 12 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் கடைசியில் சுமார் 11.4 கிலோ நிற்கும். அப்படியென்றால் 28 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகிக் கூடாரத்தை விட்டு வெளியே போயாக வேண்டும். வெப்பமானி 58 காட்டினால் தண்ணீர் ஆவியாகிறது என்று அர்த்தம், வெளியே போய்விட்டது என்று அர்த்தமில்லை. கூடாரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் சாயங்காலம் மலைக்காற்று பட்டுத் தகடு குளிர்ந்ததும் நீராக மாறிப் பழத்தின் மேலேயே விழும். கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கு மேல், ஆனி ஆடியில் மேகம் இறங்கி நிற்கும், கேட்கவே வேண்டாம்.

அதனால் மூன்று கேள்வி. மேல்தகட்டின் உட்பக்கம் காலையில் முத்து முத்தாக நீர் நிற்கிறதா? பூஞ்சை எல்லாத் தட்டுப் பழத்திலும் வருகிறதா, குறிப்பிட்ட வரிசையில் மட்டுமா? போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் நடுவில் கூடாரத்தில், மின்விசிறியில், அதற்கு மின்சாரம் தருகிற சோலார் பேனலில் யாராவது கை வைத்தார்களா?

உலர்கலன்:
58 டிகிரியில் ஈரம் நிற்கிறது என்றால் துண்டு தடிமன் அதிகம், அவ்வளவுதான். மின்விசிறி எல்லாம் கூடாரத்தோடு கணக்குப் போட்டுத்தான் தருகிறார்கள். இப்படிக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குழப்ப வேண்டாம்.

பன்னிரண்டு வோல்ட்:
தடிமன் போன வருடமும் அதேதான் சார்.

மலைக்காற்று:
அம்மாவிடம் கேட்டேன். பின்பக்கம் விசிறி இருக்கிற சுவரை ஒட்டிய இரண்டு வரிசைத் தட்டில் எடுத்த பாக்கெட்தான் கெட்டிருக்கிறது, வாசல் பக்கம் எடுத்தது பரவாயில்லை. தகட்டில் நீர் நிற்கிறது, பின்பக்கம் சொட்டுகூடச் சொட்டுகிறது. கோடைமழைக் காற்றில் பேனல் சரிந்து வயர் அறுந்துபோனது, எலக்ட்ரீசியன் வந்து திரும்ப மாட்டிக் கொடுத்தார். விசிறி சுற்றுகிறது, அதில் பிரச்சனை இல்லை. கூழன் போடவில்லை.

பன்னிரண்டு வோல்ட்:
விசிறி சுற்றுகிறது, சரி. எந்தப் பக்கம் சுற்றுகிறது?

பேனலில் இருந்து நேராக மின்சாரம் வருகிற டிசி (நேர்மின்சார) விசிறி. பிளஸ் மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்தால் பிரஷ் வைத்த மோட்டார் தலைகீழாகச் சுற்றும். (பிரஷ் இல்லாத வகையாக இருந்தால் சுற்றவே சுற்றாது, அதனால் உங்களுடையது முதல் வகை.) ஈரக்காற்றை வெளியே இழுக்க வேண்டிய விசிறி குளிர்ந்த மலைக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கலாம். அந்தக் காற்று முதலில் படுவது பின்சுவரும் மேல்தகடும். தகடு குளிர்கிறது, உள்ளே இருக்கிற ஆவி அங்கேயே நீராகி, கீழே இருக்கிற உங்கள் கடைசி இரண்டு வரிசையில் விழுகிறது.

நாளை வெயில் ஏறியதும் விசிறிக்குப் பக்கத்தில், உள்பக்கமாக ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை விசிறி வழியாக வெளியே போக வேண்டும். உங்கள் முகத்துக்கு நேராக உள்ளே திரும்பி வந்தால் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். பேனலைத் துணியால் மூடிவிட்டுச் செய்யுங்கள். வாசல் பக்கம் கீழே காற்று வருகிற துளைகள் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், சூடு போகிறது என்று சாக்கை வைத்து அடைப்பதை நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன்.

நெல்லிமரம்:
நல்லா பிடிச்சீங்க அண்ணா. தம்பி, இது சரியானாலும் ராத்திரி ஈரம் ஏறுவது நிற்காது. பேனல் விசிறி சாயங்காலம் நின்றுவிடும். வெயில் இறங்கியதும் அரைகுறையாகக் காய்ந்த சுளையை எடுத்து மூடி இறுக்கமான டிரம்மில் போட்டு வையுங்கள், காலையில் திரும்பப் பரப்புங்கள். நாள் முழுக்க மேகமாக இருந்தால் புதுப் பழம் அறுக்க வேண்டாம்.

பேக் செய்யும் முன் ஒரு சோதனை: காய்ந்த சுளை நன்றாக ஆறட்டும், பிறகு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு போட்டு மூடி, இளவெயிலில் வையுங்கள். உள்சுவரில் ஆவி படிந்தால் இன்னும் காய வேண்டும். காய்ந்ததை உடனே பாக்கெட்டில் போடாமல் பெரிய டப்பாவில் நாலைந்து நாள் வைத்துத் தினம் ஒருமுறை குலுக்குங்கள், ஈரம் எல்லாத் துண்டுக்கும் சமமாகப் பரவும். சூட்டோடு பேக் செய்தால் பாக்கெட்டுக்குள்ளேயே வியர்க்கும்.

குமரிச்சக்கை:
மழைக்காலத்துக்கு ஒரு சின்ன மின் உலர்த்தியும் கூட இருந்தால் நல்லது. குறு உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் இருந்தது, சுய உதவிக் குழு உறுப்பினருக்குத் தலா 40,000 வரை தொடக்க நிதியும் தந்தார்கள். இப்போதும் உண்டா என்று மாவட்டத் தொழில் மையத்தில் அம்மாவை விசாரிக்கச் சொல்லுங்கள். ஈரப்பதம் அளந்து பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

உலர்கலன்:
ஆவி காட்டுவது மட்டுமாவது செய்யச் சொல்லுங்கள். நிறமாவது நிற்கும்.

நெல்லிமரம்:
அது சரிதான் சார், ஆவி காட்டினால் நிறம் நிற்கும், காயவும் கொஞ்சம் சீக்கிரம் காயும்.

மலைக்காற்று:
புகை உள்ளேதான் வந்தது. வயரை மாற்றிவிட்டோம். இன்று காலை தகட்டில் நீர் இல்லை. புதுப் பழம் போட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி, பன்னிரண்டு வோல்ட் அண்ணாவுக்கு அம்மா தனியாக நன்றி சொல்லச் சொன்னார்கள்.

பலாமுள்:
மகிழ்ச்சி தம்பி. விழாவில் கடை எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள், விழாவுக்கு மலைமேல் செம்மேடு வந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

நெல்லிமரம்:
தம்பி, பழைய சரக்கில் மீதி பாக்கெட் இருக்குமே, அதை என்ன செய்தீர்கள்? பூஞ்சை பிடித்ததைத் தட்டிவிட்டுத் திரும்பக் காயவைத்து விற்கக் கூடாது. சில பூஞ்சை விடுகிற நச்சு வெயிலில் போகாது. பின்வரிசையில் எடுத்தது கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள், வாசல் பக்கத்துச் சரக்கை மட்டும் பாட்டில் சோதனை செய்து வையுங்கள். பார்த்ததும் பதில் போடுங்கள்.