மறு: மாதிரிக் கார்க் கதவின் கீல் வகைகளுக்குத் தமிழ்ச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கலைச்சொல் பட்டியல் தொகுக்கும் அக்கா கேட்டிருந்தது:

> சிறிய மாதிரிக் கார்களில் கதவு திறக்க இரண்டு வகைக் கீல் வைக்கிறார்களாம். ஒன்று நாயின் பின்னங்கால் மாதிரி வளைந்தது. மற்றது நிஜக் காரில் இருப்பதைப் போன்றது. முதலாவதற்கு ‘நாய்க்கால் கீல்’, இரண்டாவதற்கு ‘மெய்ந்நிகர் கீல்’ என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபணை உண்டா?

இரண்டுக்குமே உண்டு அக்கா. இந்தப் பொம்மை வேலையில் கை வைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

‘மெய்ந்நிகர்’ என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மெய்ந்நிகர் வகுப்பு, மெய்ந்நிகர் உலகம் என்று படித்துப் பழகியவர் ‘மெய்ந்நிகர் கீல்’ என்றால் திரைக்குள் மட்டும் ஆடுகிற கீல் என்றுதான் நினைப்பார். விரலைக் குத்துகிற பித்தளைக் கம்பிக்கு அந்தப் பெயர் வேண்டாம். ‘நாய்க்கால்’ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இன்னொரு மொழிக்காரர் கண்ணுக்கு அந்த வளைவு அப்படிப் பட்டது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘நிஜம் / நிஜமில்லை’ என்ற பிரிவிலேயே இருக்கிறது. எந்தப் பழைய செடான் காரின் டிக்கியையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் மூடியின் இரண்டு ஓரத்திலும் கொக்கி போல வளைந்த இரும்புக் கைகள் இருக்கும். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு மூடினால் அந்தக் கை இறங்கிப் பெட்டியில் இடிக்கும். நீங்கள் நாய்க்கால் என்று எழுதியது அதே சாதனம்தான். டிக்கியில் அது அச்சு அசலான நிஜம், கதவில் வைத்தால் பொம்மைத்தனம். ஆகவே நிஜம் என்பதைப் பெயருக்குள் நுழைத்தால் பெயர் பாதி இடத்தில் பொய்யாகும். கீல் எப்படி நகர்கிறது என்பதை வைத்துப் பெயர் சொல்வோம்.

நகர்வைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம், சொல் அங்கேதான் கிடைக்கிறது. கதவின் முன்விளிம்பும் மட்கார்டின் (முன்சக்கரத்தை மூடும் தகடு) பின்விளிம்பும் சந்திக்கும் இடுக்குதான் களம். இப்போதைய கார்களில் பெரும்பாலும் கீலின் சுழலச்சு மேல்தகட்டுக்குச் சற்று உள்ளே, இடுக்குக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். கதவைத் திறந்தால் பின்பக்கம் வெளியே வரும். முன்விளிம்போ மட்கார்டுக்குப் பின்னால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். கதவைப் பாதி திறந்து இடுக்கை உற்றுப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

இதை 1:24 அளவில், அதாவது நிஜத்தில் 24இல் ஒரு பங்கில், செய்ய முடியாமல் போவதற்குக் காரணம் தடிமன். நிஜக் கார்த் தகடு ஏறக்குறைய 0.8 மி.மீ. அதை 24 ஆல் வகுத்தால் 0.03 மி.மீ., காகிதத்தை விட மெலிது. ஆனால் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உடல் 1.2 மி.மீ. அளவுக்கு இருக்கும். திருப்பிப் பெருக்கினால் சுமார் 29 மி.மீ. தகடு! கோட்டைச் சுவர் போன்ற அந்த மட்கார்டுக்குப் பின்னால் கதவின் விளிம்பு எப்படி நுழையும்? முட்டி நிற்கும். அதனால்தான் பொம்மை செய்கிறவர்கள் அச்சை இடுக்குக்கு முன்னால், மட்கார்டின் வயிற்றுக்குள் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து ஒரு வளைந்த கையைக் கதவு வரை நீட்டுகிறார்கள். திறக்கும்போது விளிம்பு உள்ளே போகாமல் வெளியே எழும்பி முன்னால் நகரும். எதிலும் முட்டாது. விலையாகக் கிடைப்பது, கதவு திறந்ததும் பல்லைக் காட்டும் பெரிய துவாரமும் அதற்குள் ஒரு தடித்த கையும்.

ஆக, என் பரிந்துரை: வளைந்த கை உள்ளதற்கு ‘வளைகைக் கீல்’. விளிம்பு உள்ளே போய் ஒளிவதற்கு ‘உள்வாங்கு கீல்’. கடல் உள்வாங்கியது என்கிறோமே, அந்த உள்வாங்கல்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. 1959இல் வந்த பிரிட்டிஷ் மினி காரில் கதவுக் கீல் வெளியிலேயே துருத்திக்கொண்டிருக்கும், ஒரு கதவுக்கு இரண்டு. 1969இல் அதன் மூன்றாம் பதிப்பான மார்க் 3 வந்தபோதுதான் உள்ளே போனது. பழைய லேண்ட்ரோவரிலும் வெளியில்தான். இதற்கு ‘புறக்கீல்’. யாரோ ‘மறைகீல்’ என்ற சொல்லை நிஜக்கீலுக்குச் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பழைய மினியில் மறைந்தால்தான் அது நிஜமில்லை.

முதன்முதலாகக் கதவு திறக்க முயல்கிறவர்களிடம் நான் மினியைத்தான் எடுக்கச் சொல்வேன். அச்சே தகட்டுக்கு வெளியே இருப்பதால் தடிமன் தொல்லை பெரும்பாலும் விலகிவிடும். கத்தியின் முதுகால் கதவுக்கோட்டின் மேல் மெதுவாகத் திரும்பத் திரும்பக் கீறி உடலைப் பிரிக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் அறுத்த தடத்தின் அகலம் வீணாகிவிடும். நிஜத்தில் 5 மி.மீ. இருக்கும் இடுக்கு இங்கே 0.2 மி.மீ. தான், வீணாக்க ஒன்றுமில்லை. பிறகு 0.8 மி.மீ. பித்தளைக் குழாய், அதற்குள் சுழலும்படி 0.4 மி.மீ. கம்பி. குழாயைக் கத்திக்கு அடியில் உருட்டி உருட்டி வெட்டுங்கள். உள்ளே கம்பி இருந்தால் வாய் நசுங்காது. ஒட்டும் முன் கம்பியில் துளி வாசலின் தடவ மறக்காதீர்கள். ஒரு சொட்டு சூப்பர் குளூ இடுக்கு வழியே குழாய்க்குள் தானாக ஏறிக்கொள்ளும், அதோடு கதவு ஜென்மத்துக்கும் திறக்காது.

மேல்கீல், கீழ்கீல் இரண்டையும் தனித்தனியே கண்ணளவில் ஒட்டினால் அச்சு கோணிக்கொண்டு கதவு பாதியில் இறுகும். ஒரே நீளக் கம்பியை இரண்டு குழாய்க்குள்ளும் விட்டு, அந்த நேர்க்கோட்டிலேயே ஒட்டி, காய்ந்த பிறகு நடுவில் வெட்டி எடுக்க வேண்டும். கதவு திறந்துவிட்டால் உள்ளே இருப்பதும் தெரியும் என்பது அடுத்த தலைவலி. மார்க் 1 மினியில் கண்ணாடி இறங்காது, பக்கவாட்டில் நகரும். அதனால் கதவின் வயிறு முழுக்கப் பெரிய பை. உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி கிடையாது, இழுக்கும் வடம் மட்டும். தலைமயிர் போல மெலிந்த கம்பியில் அதைச் செய்து பாருங்கள், அதன் சுகமே தனி.

உள்வாங்கு கீல் செய்யத் துணிந்தவர்கள் மட்கார்டின் உள்பக்கத்தைப் பின்விளிம்பில் சரிவாகச் சுரண்டிக் கத்திமுனை போல ஆக்க வேண்டியிருக்கும். அதுவே பெரிய வேலை, வேறொரு நாள்.

உறுப்புகளுக்கு: ஊசி போன்ற கம்பிக்குக் ‘கீலாணி’, குழாய்த் துண்டுக்குக் ‘கணு’. கதவு அளவு மீறித் திறக்காமல் பிடித்து நிறுத்தும் பட்டைக்குத் ‘தடைவார்’. இறக்கை போல மேலே எழும் கதவு, கத்தரி போல முன்னால் தூக்கும் கதவு இதெல்லாம் கதவின் பெயர், கீலின் பெயர் இல்லை. தனி இழையில் பேசலாம்.

———

தம்பிக்கு,

‘வளைகை’ நல்ல சொல். ஒன்று மட்டும்: நடுவில் ஒற்றுப் போட்டு ‘வளைக்கை’ என்று யாரும் திருத்திவிடாதீர்கள். சங்கப் பாட்டில் ‘வளைக்கை விறலி’ வருகிறாள். அவள் வளையல் அணிந்த கையினள். வளைந்த கை வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது. ‘உள்வாங்கு கீல்’ என்பதும் அப்படியே.

‘கீலாணி’ சரி. கணுவோடு சேர்த்தால் ‘கீற்கணு’ வரும், தாங்கிக்கொள்ளலாம். தகட்டோடு சேர்த்தால் இலக்கணப்படி ‘கீற்றகடு’. படிப்பவர் தென்னங்கீற்றைத் தேடிக்கொண்டு போவார். அதை மட்டும் பிரித்தே எழுதுங்கள், இலக்கணம் மன்னிக்கும்.

பழைய சொல் ஒன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள்: குடுமி. பழைய கோயில் கதவுகளுக்குப் பெரும்பாலும் இரும்புக் கீல் கிடையாது. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் நீளும் முளை கல்லில் குடைந்த குழியில் நின்று சுழலும். அந்த முளைதான் குடுமி. பொம்மைக் காரில் அப்படி ஏதும் உண்டா?

———

ஐயா,

உண்டு, அதுவும் நிறைய. 1:43 போன்ற மிகச் சிறிய அளவில் குழாய் வெட்டிக் கணு வைக்க இடமே இருக்காது. கதவின் முன் ஓரத்தில் மேலும் கீழும் ஒவ்வொரு ஊசியைப் பதித்து, வாசல்படியில் ஒரு துளை, மேலே ஒரு துளை என்று நிறுத்திவிடுவோம். இத்தனை நாள் அதற்குப் பெயர் தெரியாமல் ‘ரெண்டு பின் போட்டு நிறுத்துறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ‘குடுமிக் கதவு’ என்றே பட்டியலில் ஏற்றிவிடலாம், ஊசி செல்லும் துளைக்குக் ‘குடுமிக்குழி’.

அக்கா, நான்காவது வரியாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘தடைவார்’ பற்றி மட்டும் ஐயா ஒன்றும் சொல்லவில்லை. வார் என்றால் தோல் என்று தோன்றும். இரும்புப் பட்டையாக இருக்கும் கார்களுக்கு அது செல்லுமா, அல்லது ‘தடைப்பட்டை’ என்று போடலாமா?