புதுப்பிப்பு: லவி ஆஸ்டினின் பியானோ பற்றி முன்பு எழுதியதில் ஒரு திருத்தம்

அமெரிக்க ப்ளூஸ் பாடகி மா ரெய்னி 1923 டிசம்பரில் சிகாகோவில் பாரமவுன்ட் நிறுவனத்துக்காகப் பாடிய முதல் இசைத்தட்டுகளின் மறுவெளியீட்டில், பக்கவாத்தியமாக அமர்ந்த லவி ஆஸ்டினின் பியானோ காதில் விழவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன், அதைத் திருத்திக்கொள்கிறேன். மைக் இல்லாமல் கூம்பின் வழியே பதிந்த காலம் என்பதால் குரலும் கார்னெட் என்னும் எக்காள வகை ஊதுகருவியும் முந்திக்கொள்கின்றன என்றாலும், ஹெட்போனில் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேட்டால், பாடகி மூச்சு வாங்கும் இடங்களில் ஆஸ்டினுடைய இடக்கை தாளம் பிசகாமல் நடப்பது தெரிகிறது. அந்த இடக்கையால் வாசித்தபடியே, வாயில் சிகரெட்டுடன், வலக்கையால் அடுத்த நிகழ்ச்சிக்கான இசைக்குறிப்பை அவர் எழுதிக்கொண்டிருந்ததைச் சிறுமியாக அரங்கில் பார்த்த ஜாஸ் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இரைச்சலை முற்றிலும் வடிகட்டிய பதிப்பை மட்டும் வாங்க வேண்டாம். இரைச்சலோடு பியானோவும் போய்விடுகிறது.