பி.ஆர்க் படிக்க ஆசைப்படும் மகள்: கோடை வகுப்பில் சேர்க்கலாமா?

திண்டுக்கல் மேஸ்திரி:

வணக்கம். நான் திண்டுக்கல்லில் கட்டட மேஸ்திரி. வீடுகள் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டிக் கொடுக்கிறேன். மகள் பிளஸ் ஒன் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். பயாலஜி, மேத்ஸ் குரூப். சின்ன வயதிலிருந்தே லீவு நாளில் என்னுடன் சைட்டுக்கு வருவாள். பிளானை விரித்தால் என் ஆட்களுக்கு முன்னால் அவள் புரிந்துகொண்டு சொல்லிவிடுவாள். இப்போது கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகப் போகிற முதல் ஆள் அவள்.

மே மாத வகுப்புக்கு இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஓரிடத்தில் பி.ஆர்க் நுழைவுத் தேர்வான நாட்டாவுக்குப் பயிற்சியுடன், கம்ப்யூட்டரில் வரையும் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் எல்லாம் ஒரே மாதத்தில் சொல்லித் தருகிறார்களாம், 40,000 ரூபாய். இன்னொன்று மதுரையில் ஓர் ஆர்க்கிடெக்ட் தன் ஆபீசிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் இரண்டு வார அறிமுக வகுப்பு, 6,000 ரூபாய். அதில் கம்ப்யூட்டரே கிடையாது. அளப்பது, வரைவது, அட்டையில் மாடல் செய்வது, அவ்வளவுதான் என்றார்கள்.

கூடுதலாகப் பணம் வாங்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கும் என்கிறார்கள் வீட்டில். மகளுக்கு மதுரை வகுப்பின் மேல்தான் ஆசை. பணம் எப்படியாவது புரட்டிவிடுவேன். ஆனால் இந்த மாதிரி வகுப்பில் பிள்ளைகள் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டூடியோ டீச்சர், மதுரை:

வணக்கம் அண்ணா. நான் ஒரு கல்லூரியில் முதலாண்டு டிசைன் ஸ்டூடியோ எடுக்கிறேன். கோடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வகுப்பு நடத்தியிருக்கிறேன். நீங்கள் விசாரித்த வகுப்பு என்னுடையது இல்லை, அதனால் தயங்காமல் சொல்கிறேன்: மகள் கேட்பதிலேயே சேருங்கள்.

நாட்டா பயிற்சி பரீட்சைக்கானது. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் நடத்தும் அந்தத் தேர்வு மொத்தம் 200 மதிப்பெண். 80 கையால் வரைவதற்கு, மீதி 120 கம்ப்யூட்டரில் பதில் சொல்வதற்கு. அதற்கு உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. ஆட்டோகேடைக் கல்லூரியிலேயே கற்றுக்கொள்ளலாம். நாங்கள் முதல் வருடம் கையால்தான் வரையச் சொல்கிறோம். மவுஸைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு மூன்று மீட்டர் எவ்வளவு நீளம் என்பது உடம்பில் பதிந்திருக்காது. திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிச் சின்னதாக்கிப் பார்க்கலாம் இல்லையா, அதனால் அளவே மறந்துவிடும்.

நல்ல அறிமுக வகுப்பு அளவிலிருந்துதான் ஆரம்பிக்கும். நான் முதலில் பிள்ளைகளைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போவேன். ஏறும்போது மூச்சு வாங்கும் படி ஒன்று, சுகமாக ஏறும் படி ஒன்று, இரண்டையும் அளக்கச் சொல்வேன். சுகமாக ஏறும் படியில், ஒரு படியின் உயரத்தை இரண்டு மடங்காக்கி, கால் வைக்கும் மிதியின் அகலத்தைக் கூட்டினால் சுமார் 24 அங்குலம் வரவேண்டும்: 6 அங்குல உயரத்துக்கு 12 அங்குல மிதி, 7 அங்குலத்துக்கு 10. உங்களுக்கு இது கைப்பழக்கம். பிள்ளைகளோ தாங்களே அளந்து, கூட்டி, அந்த எண் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது முகம் மாறிப்போவார்கள். அப்புறம் அதையே 1:50 ஸ்கேலில் வரைவார்கள். ஒரு மீட்டர் காகிதத்தில் 2 சென்டிமீட்டர். பத்தடி அறை ஏறக்குறைய 6 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது செக்‌ஷன். பிளான் படிக்கத் தெரிந்த பிள்ளைகள்கூடத் தடுமாறும் இடம் இது. பப்பாளியை நெடுக வெட்டி உள்ளே பார்ப்பது போல வீட்டை வெட்டிப் பார்க்க வேண்டும். காற்று எங்கே நுழைந்து எங்கே போகிறது, வெளிச்சம் எவ்வளவு ஆழம் வரை வருகிறது என்பதெல்லாம் பிளானில் முழுதாகத் தெரியாது, செக்‌ஷனில் தெரியும். இதற்காகவே திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போவேன். 1636இல் கட்டியது. அங்குள்ள சொர்க்கவிலாசம் என்ற பெரிய மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லி, மேலே உள்ள குவிமாடத்தின் பாரம் எந்த வழியாக இறங்கித் தரைக்கு வருகிறது என்று கேட்பேன். இரும்பு கிடையாது, கான்கிரீட் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புமாக வளைந்து வளைந்து பாரம் இறங்குகிறது. அதை அம்புக்குறி போட்டு வரையும் பிள்ளை, ஆர்ச் எதற்கு என்பதை அதற்குப் பிறகு மறக்காது.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சிக்குச் செலவே இல்லை. மொட்டை மாடியில் ஒரு குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டு, காலையிலிருந்து மாலை வரை நிழலின் நுனியைச் சாக்பீசால் குறிக்க வேண்டும். நம் ஊர் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால், மே மாத மத்தியானத்தில் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் வடக்கே விழும், அதுவும் நன்றாக நீளமாக. வெயில் தெற்குச் சுவரில்தான் அடிக்கும் என்று குளிர்நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு வருபவர்கள் இதைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். கோடையில் நம் வடக்குச் சுவரும் காயும். எந்த ஜன்னலுக்கு எவ்வளவு அகலம் சன்ஷேடு என்பதை அங்கிருந்து அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

கடைசியில் ஜூரி என்று ஒன்று வைப்போம். செய்த மாடலைக் காட்டி, ஏன் இப்படிச் செய்தேன் என்று எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். நாங்கள் கேள்வி கேட்போம், குறையும் சொல்வோம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்ததைப் பிரித்துப் போட்டுத் திரும்பச் செய் என்று சொல்ல வேண்டிவரும். அழும் பிள்ளைகளும் உண்டு. மறுநாள் வேறொன்றைச் செய்து கொண்டுவரும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும். படம் அழகாக வரைவது அதற்கு அடுத்தபடிதான். இது நமக்கு வேண்டாம் என்று வகுப்பு முடிவில் சொல்லிப் போன பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். ஐந்து வருடப் படிப்பில் நடுவழியில் தெரிவதைவிட, அது இப்போதே தெரிவது நல்லதுதானே?

சேர்க்கும் முன் அந்த ஆர்க்கிடெக்டிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பிள்ளைகளை எந்தக் கட்டடத்துக்கு அழைத்துப் போவீர்கள், அங்கே என்ன செய்யச் சொல்வீர்கள் என்று. விவரமாகப் பதில் வந்தால் போதும்.

ஒரு பையனின் அப்பா:

டீச்சர் சொல்வது சரி. ஆனாலும் நாட்டாவை லேசாக நினைத்துவிடாதீர்கள் சார். என் பையன் பயிற்சிக்குப் போனதால்தான் நேரத்துக்குள் வரைந்து முடிக்கப் பழகினான். வரையத் தெரியும், ஆனால் நேரம் போதாது, இதுதான் அவனுக்கு முதலில் இருந்த பிரச்சினை. அறிமுக வகுப்பு இந்த வருடம், நாட்டா பயிற்சி அடுத்த வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம், சென்னை:

அங்கிள், நான் இப்போது பி.ஆர்க் மூன்றாம் வருடம். பிளஸ் டூவை விட்டுவிட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். இங்கே கலந்தாய்வு ரேங்க்குக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் நாட்டா மதிப்பெண்ணையும் சரிசமமாகச் சேர்க்கிறார்கள். கணக்கும் இயற்பியலும் கட்டாயம், அவளுடைய குரூப்பில் இரண்டும் இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் சேர நாட்டா செல்லாது, ஜே.இ.இ. மெயினில் ஆர்க்கிடெக்சருக்கான பேப்பர் தனியாக எழுத வேண்டும்.

செலவு ஃபீஸோடு நிற்காது. மாடலுக்கு அட்டை, ஷீட், பிரிண்ட் என்று ஒவ்வொரு செமஸ்டரும் போய்க்கொண்டே இருக்கும். அதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

அவளுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் சென்ட்ரிங் அடிப்பதையோ கம்பி கட்டுவதையோ காலேஜுக்கு முன்னால் நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. சுவர் ஒன்பது அங்குலம் என்று நாங்கள் வரைவோம். அதற்குள் செங்கல் எப்படிப் படுத்திருக்கிறது என்று கேட்டால் விழிப்போம். அவள் சொல்லிவிடுவாள்.

திண்டுக்கல் மேஸ்திரி:

எல்லோருக்கும் நன்றி. மதுரை ஆர்க்கிடெக்டிடம் போன் செய்து கேட்டேன். மகாலும், ஒரு பழைய மெட்ராஸ் டெரஸ் வீடும் என்றார். அந்த வீட்டைப் பிள்ளைகளே டேப் பிடித்து அளந்து வரைய வேண்டுமாம். மகளைச் சேர்த்துவிட்டேன். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். வகுப்பு தொடங்கும் வரை அவள் வீட்டில் என்ன செய்யலாம், என்ன வாங்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும் டீச்சர்.

ஸ்டூடியோ டீச்சர், மதுரை:

ரொம்பச் சந்தோஷம் அண்ணா. மெட்ராஸ் டெரஸ் வீடு நல்ல தேர்வு. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் கோணவாட்டில் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கான்கிரீட் போட்ட கூரை. இப்போது கட்டுபவர்கள் அரிது, அளக்கவாவது செய்யட்டும்.

வாங்குவதற்கு அதிகம் இல்லை. கோடில்லாத நோட்டு ஒன்று, ஹெச்.பி., 2பி பென்சில், ஒரு ஸ்டீல் ஸ்கேல், அஞ்சு மீட்டர் டேப். டேப் உங்களிடமே இருக்கும். விலை உயர்ந்த டிராயிங் செட் இப்போது வேண்டாம்.

நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் தினமும் ஒரு நடை அழைத்துப் போங்கள். 3, 4, 5 அடி முக்கோணம் வைத்து மூலை மட்டம், அதாவது செங்கோணம், எப்படி எடுக்கிறீர்கள், டியூப்பில் தண்ணீர் ஊற்றி மட்டம் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று செய்துகாட்டி, அவளையும் செய்ய விடுங்கள். சாயங்காலம் வந்து அன்றைக்குப் பார்த்த ஒரே ஒரு இடத்தை வரையட்டும்: கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லின்டல் சுவரில் உட்காரும் இடம், படிக்கட்டு திரும்பும் இடம், இப்படி. அளவு எழுதி வரைய வேண்டும். அழித்து அழித்து அழகாக்க வேண்டாம், தப்பான கோடும் இருக்கட்டும். வகுப்பின் முதல் நாள் அந்த நோட்டை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.