முக்கோண ஷால் பட்டம் மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

செங்காங் நூல்கண்டு:
வணக்கம். குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்காக மெல்லிசாக ஒரு லேஸ் ஷால் பின்னிக்கொண்டிருக்கிறேன். வெளியே வெயில் கொளுத்தினாலும் பாலிகிளினிக்கில் ஏசியில் போய் உட்கார்ந்தால் அம்மாவுக்குப் பத்து நிமிடத்தில் குளிர் எடுத்துவிடும். கம்பளி ஷாலைக் கையில் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்குள் வேர்த்துக் கொட்டுகிறது. அதனால்தான் பருத்தி நூலில், கைப்பைக்குள் மடித்து வைக்கிற மாதிரி ஒன்று.

நூல் 50 கிராம் உருண்டை, ஒன்றில் 170 மீட்டர். நாலு வாங்கினேன். ஊசி 3.5 மி.மீ. எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் பழைய புத்தகம் வைக்கும் அலமாரியில் கிடைத்த ஒரு குறிப்பேட்டைப் பார்த்துப் போடுகிறேன். கழுத்து நடுவில் தொடங்கிக் கீழ்நோக்கி விரியும் முக்கோணம், மொத்தம் 50 வரிசை. 22 முடித்துவிட்டேன்.

பிரச்சினை இதுதான். தரையில் விரித்தால் மேல் ஓரம் நேராக வரவேண்டும் இல்லையா? என்னுடையது கழுத்தில் கூம்பி நிற்கிறது, இரண்டு பக்கமும் கூரை மாதிரிச் சரிகிறது. முக்கோணமாக இல்லை, பட்டமாக இருக்கிறது. தோளில் போட்டால் கழுத்துக்குப் பின்னால் மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரம் வேறு உள்பக்கமாகச் சுருளுகிறது. பாதி வேலை முடிந்துவிட்டது, பிரிக்க மனசே வரவில்லை.

ஈசூன் ஊசி:
எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. பெரும்பாலும் ஓரத்தில் கண்ணி (ஊசியால் போடும் ஒவ்வொரு முடிச்சும்) கூட்ட மறந்திருப்போம். கடைசி வரிசையை எண்ணிப் பாருங்கள்.

செங்காங் நூல்கண்டு:
இரண்டு தடவை எண்ணிவிட்டேன் அக்கா. கழுத்திலிருந்து கீழ்முனை வரை நடுவில் ஓடும் நடுத்தண்டுக்கு இந்தப் பக்கம் 88, அந்தப் பக்கம் 88. ஒரு பக்கத்தில் வரிசைக்கு 4 கூட வேண்டும், 22 வரிசைக்கு 88 சரிதானே? ஒன்று மட்டும் உதைக்கிறது. 22 வரிசைக்கு நடுத்தண்டு 31 செ.மீ. இருக்கும் என்று குறிப்பேட்டில் போட்டிருக்கிறது. எனக்கு 40 வருகிறது.

பூன் லே லேஸ்:
கவலைப்படாதீங்க. முழுசும் முடித்துவிட்டு நனைத்து, இழுத்துப் பின் (குண்டூசி) குத்தி உலர்த்தினால் நேராகிவிடும். லேஸ் எல்லாமே பின் குத்தும் வரை கசங்கிய துணி மாதிரிதான் இருக்கும்.

தெம்பனீஸ் ஆன்ட்டி:
அவசரப்பட்டு அப்படிச் சொல்லாதீங்க. சுருக்கம் என்றால் பின் குத்தினால் போகும். கூம்பு போகாது. பருத்தியை எவ்வளவு இழுத்துக் குத்தினாலும் எடுத்து மாட்டினால் பழைய இடத்துக்குத்தான் வரும்.

நூல்கண்டு, எண்ணிக்கை சரியாக இருந்து அளவு மட்டும் நீளுகிறது என்றால் கண்ணிதான் உயரமாக இருக்க வேண்டும். மூன்று கேள்வி கேட்கிறேன், பார்த்துச் சொல்லும்மா. குறிப்பேட்டில் "டிரெபிள்" என்று வரும் இடத்தில் ஊசியில் நூலை எத்தனை சுற்று சுற்றிவிட்டு உள்ளே விடுறீங்க? வரிசையைத் திருப்பும்போது எத்தனை சங்கிலிக் கண்ணி போடச் சொல்லியிருக்கு? "சிங்கிள் குரோஷே" என்ற வார்த்தை அந்தப் புத்தகத்தில் எங்கேயாவது இருக்கா?

செங்காங் நூல்கண்டு:
டிரெபிளுக்கு இரண்டு சுற்று. யூடியூப்பில் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். திருப்பும்போது 3 சங்கிலி. சிங்கிள் என்று… முழுக்கப் புரட்டிவிட்டேன் ஆன்ட்டி, ஒரு இடத்தில்கூட இல்லை. டபுள், ஹாஃப் டிரெபிள், டிரெபிள் மட்டும்தான்.

தெம்பனீஸ் ஆன்ட்டி:
அகப்பட்டுவிட்டது. அது பிரிட்டிஷ் குறிப்பு. நீங்கள் பார்த்த வீடியோ அமெரிக்கமுறை. பேர் ஒன்றுதான், கண்ணி வேறு.

பிரிட்டிஷ்காரர் டிரெபிள் என்றால் ஒரே ஒரு சுற்று. அதே கண்ணியை அமெரிக்கர் டபுள் என்பார்கள். அமெரிக்கர் டிரெபிள் என்பது இரண்டு சுற்று, அதை பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் டிரெபிள் என்று எழுதுவார்கள். எல்லாமே ஒரு படி தள்ளியிருக்கும். நாங்கள் பள்ளியில் தையல் வகுப்பில் கற்றது பிரிட்டிஷ் முறை, அதனால் எனக்கு இன்றைக்கும் அமெரிக்க வீடியோ பார்த்தால்தான் குழப்பம். உங்களுக்குத் தலைகீழ்.

இனிமேல் குறிப்பு கையில் வந்தால் முதல் வேலை "சிங்கிள்" இருக்கிறதா என்று தேடுவதுதான். அந்தச் சொல் பெரும்பாலும் அமெரிக்க முறையில்தான் வரும். அப்புறம் திருப்பும் சங்கிலி. 3 சங்கிலி என்றால் ஒரு சுற்றுக் கண்ணியின் உயரம். இரண்டு சுற்றுக்கு 4 வேண்டும். உயரமான கண்ணிக்குப் பக்கத்தில் குட்டையான சங்கிலி நின்றால் ஓரத்தை உள்ளே இழுக்காமல் என்ன செய்யும்? உங்கள் ஓரம் சுருளுவது அதனால்தான்.

ஊசி நம்பரையும் அந்தப் புத்தகத்தை நம்பி எடுக்கவில்லையே? பழைய பிரிட்டிஷ் 9 என்றால் 3.5 மி.மீ. அமெரிக்க 9 என்றால் 5.5.

செங்காங் நூல்கண்டு:
இல்லை ஆன்ட்டி, நூல் உருண்டையின் லேபிளைப் பார்த்து எடுத்தேன். நல்லவேளை. புத்தகத்தில் 9 என்றுதான் இருக்கிறது!

ஆனால் ஒன்று புரியவில்லை. கண்ணி உயரம் என்றால் ஷால் பெரிதாகத்தானே வரவேண்டும்? கோணம் ஏன் மாறுகிறது?

கணக்கு வாத்தியார்:
இது எனக்கான கேள்வி. பின்னுவது வீட்டுக்காரம்மா, நான் நூல் சுற்றித் தருபவன் மட்டும்.

ஷாலை நடுத்தண்டில் இரண்டாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் ஒவ்வொரு வரிசையும் இரண்டு முனையிலும் 2 கண்ணி நீளுகிறது. இந்த நூலுக்கும் ஊசிக்கும் 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று வைத்தால் 2 கண்ணி 1 செ.மீ. வரிசை 1 செ.மீ. உயரம் இருந்தால் பக்கவாட்டில் 1, கீழே 1, அதாவது 45 டிகிரி. கழுத்துப் புள்ளியில் இப்படி நான்கு கோணம் சேர்கிறது. நான்கு 45 சேர்ந்தால் 180, நேர்கோடு.

உங்கள் வரிசை 1.5 செ.மீ. ஆகிவிட்டது. பக்கவாட்டில் மட்டும் அதே 1. கோணம் 34க்குக் கொஞ்சம் குறைவு. நான்கும் சேர்ந்து 135தான். மீதி 45 டிகிரியைத்தான் கூரையாகப் பார்க்கிறீர்கள். வரிசைக்குத் தண்டு எவ்வளவு வளரும் என்று பித்தாகரஸ் போட்டுப் பாருங்கள். 1.5க்கும் 1க்கும் 1.8 வரும், 22 வரிசைக்கு 40 செ.மீ. தொட்டுவிடும். 1க்கும் 1க்கும் 1.41, அது 31. உங்கள் டேப்பும் குறிப்பேடும் இரண்டுமே பொய் சொல்லவில்லை.

இன்னொன்று. 50இல் 22 என்றால் பாதி என்கிறீர்கள். முக்கோணம் அப்படி வளராது. 22ஐ 22ஆல் பெருக்கினால் 484. 50க்கு 2500. நீங்கள் முடித்தது ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை.

செங்காங் நூல்கண்டு:
சார், இது ஆறுதலா, அடியா? அதுதான் முதல் உருண்டை இப்போதுதான் தீர்ந்திருக்கிறது போல.

பிரிக்காமல் இதையே காப்பாற்ற வழி இருக்கிறதா?

ஈசூன் ஊசி:
இனிமேல் அதிகமாகக் கூட்டினாலும் கழுத்தில் இருக்கும் கூம்பு அப்படியேதான் இருக்கும். ஓரத்தில் நாடா தைத்துத் தலையில் கட்டிக்கொள்ளலாம், அதற்கு இந்த வடிவம்தான் நன்றாக உட்காரும். அம்மா கட்டுவாரா தெரியவில்லை :)

கணக்கு வாத்தியார்:
புதிதாகத் தொடங்கும்போது உயரமான கண்ணியையே வைத்துக்கொண்டு முனைக்கு 2க்குப் பதில் 3 கூட்டலாம். 1.5க்கு 1.5, மறுபடியும் 45 டிகிரி.

தெம்பனீஸ் ஆன்ட்டி:
கணக்கு சரிதான் சார், ஆனால் லேஸ் பூ எல்லாம் 4 கண்ணிக் கணக்கில் அமைத்திருப்பார்கள். 6 கூட்டினால் பூ எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒவ்வொரு வரிசையிலும் தேட வேண்டிவரும். முதல் ஷாலுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

நூல்கண்டு, இப்போதே பிரிக்காதீங்க. பழையதை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாவது உருண்டையில் ஒரு சுற்று டிரெபிளில் எட்டு வரிசை மட்டும் போட்டு மேசையில் விரித்துப் பாருங்கள். மேல் ஓரம் ஸ்கேல் வைத்த மாதிரி வந்தால் மனசு தானாகப் பிரிக்கத் துணிந்துவிடும். பருத்தியில் ஒரு வசதி, மொஹேர் (ஆட்டு ரோம நூல்) மாதிரி சிக்காது, உருவினால் வந்துவிடும். உருவிய நூல் நெளிநெளியாக இருக்கும். நாற்காலி முதுகில் தளர்வாகச் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டால் நேராகிவிடும். நனைக்காமல் அப்படியே பின்னினால் கண்ணி ஒன்று பெரிது ஒன்று சிறிதாக வரும்.

மதுரை டு சிங்கை:
இடையில் புகுந்து ஒரு எச்சரிக்கை. பருத்தி தன் கனத்திலேயே தொங்கித் தொங்கி நீளும். என்னுடைய முதல் ஷால் ஆறு மாதத்தில் முட்டிக்கு வந்துவிட்டது. அந்த எட்டு வரிசைத் துண்டைத் துவைத்து, கிளிப் போட்டு இரவு முழுக்கத் தொங்கவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நிறைய இறங்கினால் 3.5க்குப் பதில் 3 மி.மீ. ஊசி எடுக்கலாம், அல்லது 46, 47 வரிசையோடு நிறுத்திவிடலாம். மேலிருந்து கீழே வரும் ஷாலில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதுதான் பெரிய நிம்மதி.

செங்காங் நூல்கண்டு:
எட்டு வரிசை போட்டாயிற்று. நேராக இருக்கிறது! இதற்கா இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பழையதை நேற்று ராத்திரி உருவிவிட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "நல்லா இருந்ததை ஏண்டி பிரிக்கிறே" என்று ஒரே புலம்பல்.

இரண்டு கேள்வி பாக்கி. எங்கள் வீட்டில் பின் குத்தி உலர்த்த இடம் ஏது? அப்புறம், நாலு உருண்டை போதுமா?

தெம்பனீஸ் ஆன்ட்டி:
பிள்ளைகள் விளையாட ஒன்றோடொன்று கோக்கும் நுரைப்பாய் இருக்குமே, அது போதும். கட்டிலை இழுத்துவிட்டு அந்த இடத்தில் போடுங்கள். ஷாலைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள், முறுக்கிப் பிழியாதீங்க. துண்டில் சுருட்டி மேலே ஏறி நின்றால் ஈரம் போய்விடும். முதலில் நடுத்தண்டை நேராகக் குத்துங்கள், அடுத்து மேல் ஓரம், பூ முனைகள் கடைசியில். பின் கண்டிப்பாகத் துருப்பிடிக்காத ரகமாக இருக்கட்டும். இந்த ஈரக் காற்றில் சாதாரணப் பின் ஒரே ராத்திரியில் பழுப்புப் பொட்டு வைத்துவிடும், அது போகவே போகாது. துணி காயப்போடும் மூங்கில் கம்பில் மட்டும் தொங்கப்போட வேண்டாம். மின்விசிறியை ஓடவிட்டு, முழுக்க உலர்ந்த பிறகு எடுங்கள். மழை நாளில் இரண்டு நாள்கூட ஆகும். ஒவ்வொரு தடவை துவைத்த பிறகும் இதையேதான் செய்ய வேண்டும், கம்பளி மாதிரி பருத்தி வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

கணக்கு வாத்தியார்:
நூலுக்கு 35ஆம் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். 35ஐ 35ஆல் பெருக்கினால் 1225, அதாவது 2500இல் பாதிக்கு ஒரு மயிரிழை குறைவு. அங்கே வரும்போது இரண்டு உருண்டைக்குள் இருந்தால் சமாளிக்கலாம். கடைசி ஓரப் பூவுக்கு நூல் நிறைய இழுக்கும் என்று வீட்டுக்காரம்மா சொல்கிறார், அதனால் ஒன்றேமுக்காலில் இருந்தால்தான் நிம்மதி.

ஈசூன் ஊசி:
எதற்கும் ஐந்தாவது ஒன்றை இப்போதே வாங்கிவிடுங்கள். பீப்பிள்ஸ் பார்க் சென்டர் பக்கம் போனால் லேபிளில் இருக்கும் சாய எண்ணையும் பார்த்து வாங்குங்கள். அதே நிறத்தில் வேறு சாயத் தொகுதி என்றால் வெயிலில் பட்டை தெரியும்.

செங்காங் நூல்கண்டு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். 35 தாண்டியாயிற்று. சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், இரண்டாவது உருண்டையில் இன்னும் 11 கிராம் மிச்சம். மேல் ஓரம் நேர்கோடு. அம்மா தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஓட்டை இருக்கே, குளிர் உள்ளே வராதா?" என்கிறார். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

தெம்பனீஸ் ஆன்ட்டி:
இரண்டாக மடித்துப் போடச் சொல்லும்மா. ஒரு மடிப்பின் ஓட்டையை இன்னொரு மடிப்பு மூடிக்கொள்ளும்.